இணையக் கடையின் பேரேடு யார் கையில்?

திருச்செங்கோட்டிலும் சுற்று வட்டாரத்திலும் மளிகை, பலசரக்கு, மொத்த வியாபாரம் செய்வோரிடையே இப்போது அடிக்கடி அடிபடும் பேச்சு, 'கடைக்கு ஒரு வலைத்தளம் போட்டால் என்ன?' என்பதுதான். கிராமத்துச் சில்லறைக் கடைக்காரர் தம் கைப்பேசியிலேயே சரக்குப் பட்டியலைப் பார்த்து, துவரம் பருப்பு இரண்டு மூட்டை, சர்க்கரை ஒரு மூட்டை என்று இரவு பத்து மணிக்கும் ஆர்டர் போடலாம். காலையில் வண்டி கிளம்பும்போது சரக்கு ஏற்றத் தயாராக இருக்கும். வசதியான ஏற்பாடுதான். நம் ஊரைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள் பல இருப்பதால், வலைத்தளம் செய்து தரும் இளைஞர்களுக்கும் பஞ்சமில்லை.

ஆனால் இந்த வேலையைக் கொடுக்கும்போது நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றே. எவ்வளவு செலவாகும்? எத்தனை நாளில் முடியும்? பார்க்க எப்படி இருக்கும்? இவற்றுக்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் கணக்கு எங்கே, யாரிடம், யார் பெயரில் இருக்கப் போகிறது? வணிகனுக்குச் சரக்கைவிடப் பெரிய சொத்து அவனுடைய பாக்கிக் கணக்கு. அதைப் பிறர் கையில் ஒப்படைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை, கம்ப்யூட்டர் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி இங்கே எழுதுகிறோம்.

டேட்டாபேஸ் என்றால் என்ன?

வலைத்தளம் கடையின் முகப்பு மாதிரி. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவது அதுதான். உள்ளே சிட்டை, பேரேடு, இருப்புப் பதிவேடு, விலைப்பட்டியல், பாக்கி நோட்டு ஆகிய எல்லாம் சேர்ந்திருக்கும் பெட்டகத்துக்கு டேட்டாபேஸ் என்று பெயர். தமிழில் தரவுத்தளம் என்பார்கள். முகப்பை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். பேரேடு தொலைந்தால் கட்ட முடியாது.

கணக்குகளைக் கட்டம் போட்ட பட்டியல்களாகப் பிரித்து, வாடிக்கையாளர் எண், பில் எண் போன்றவற்றால் ஒன்றோடொன்று இணைத்து வைக்கும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர் 1970-இல் வகுத்தார். இன்றும் வங்கிகளும் பெரும் வணிக நிறுவனங்களும் பெரும்பாலும் இந்தப் பட்டியல் முறையைத்தான் நம்பியிருக்கின்றன. இதன் பெரிய பலம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்மிடம் கடைசியாக ஒரு மூட்டை கடலைப் பருப்பு இருக்கிறது. சங்ககிரியிலிருந்து ஒருவரும் மல்லசமுத்திரத்திலிருந்து ஒருவரும் ஒரே நொடியில் அதைக் கேட்கிறார்கள். இருப்பில் ஒன்று குறைவதும், பில்லில் ஒன்று ஏறுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். அல்லது இரண்டுமே நடக்கக் கூடாது. பற்று எழுதி வரவு எழுதாமல் விட்டால் ஐந்தொகை எப்படிச் சேரும்? நல்ல டேட்டாபேஸ் இந்த ஒழுங்கைத் தானே காத்துக்கொள்ளும். ஒருவருக்கு மூட்டையைக் கொடுத்து, மற்றவருக்கு 'இருப்பு இல்லை' என்று சொல்லிவிடும்.

பட்டியல் முறையல்லாத மாங்கோ டி.பி. போன்றவையும் உண்டு. அவற்றுக்கும் உரிய இடங்கள் உள்ளன. ஆனால் கொடுக்கல் வாங்கலும் இருப்பும் பாக்கியும்தான் நம் தொழில் என்பதால், நமக்குப் பட்டியல் முறையே ஏற்றது.

பெட்டகத்தை வைக்க நான்கு வழிகள்

முதல் வழி, நம் கடையிலேயே ஒரு கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வது. செலவு குறைவு, ஆனால் மின்வெட்டு, இணையத் தடங்கல், திருட்டு, தீ எல்லாம் நம் பொறுப்பு. இரண்டாவது வழி, ஒரு நிறுவனத்தின் சர்வரை மாத வாடகைக்கு எடுத்து, டேட்டாபேஸை நாமே ஆள் வைத்துப் பராமரிப்பது. காலி இடத்தை வாடகைக்குப் பிடித்து, காவலும் பூட்டும் நாமே போடுவது போன்றது இது. மூன்றாவது வழி, பூட்டு, காவல், தினசரி நகல் எல்லாவற்றையும் அந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளும் டேட்டாபேஸ் சேவை. அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகியவை இதைத் தருகின்றன. சென்னையில் தலைமையகம் கொண்ட ஜோஹோவும் இவ்வகைச் சேவை வைத்திருக்கிறது. நான்காவது வழி, கடையும் கணக்கும் சேர்ந்த ஆயத்தத் திட்டத்தை மாதச் சந்தாவுக்கு எடுப்பது. இதில் உள்ளே எந்த டேட்டாபேஸ் இருக்கிறது என்பதே நமக்குத் தெரியாது.

தனியாக ஆள் வைத்துப் பராமரிக்க முடியாத சிறு வணிகருக்கு மூன்றாவதோ நான்காவதோதான் நடைமுறைக்கு ஒத்து வரும். இரண்டாவது வழி பார்வைக்கு மலிவாகத் தெரியும். பராமரிக்கும் ஆளின் சம்பளத்தைச் சேர்த்தால் மலிவு காணாமல் போகும்.

நம் அளவு என்ன?

யாரிடம் பேசப் போனாலும் முதலில் நம் அளவு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாள் ஒன்றுக்கு 200 பில், பில்லுக்கு 10 வரி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 6 லட்சம் வரிகள். ஒரு வரிக்கு 200 எழுத்துகள் என்று தாராளமாக வைத்தாலும் ஆண்டுக்கு 12 கோடி எழுத்துகள், அதாவது ஏறத்தாழ 120 எம்.பி. தேடுவதற்கான அகவரிசைகள் அதற்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆகட்டும். அப்படியும் ஐந்தாண்டுக் கணக்கு ஒன்றே கால் ஜி.பி.க்குள் அடங்கிவிடும். சட்டைப் பையில் போடும் பென் டிரைவில் இதைப்போல் பல மடங்கு கொள்ளும். சரக்குகளின் படங்கள் இடம் பிடிக்கும். ஆனால் அவற்றை டேட்டாபேஸில் வைக்காமல் தனியே மலிவாக வைக்கலாம்.

ஆகவே, 'நாளைக்கு லட்சம் வாடிக்கையாளர் வந்தால் தாங்க வேண்டுமே' என்று சொல்லி யாராவது யானை கட்டும் கொட்டாரத்தை விற்க வந்தால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள். சிறிய அளவில் தொடங்கி, வேண்டும்போது கூட்டிக்கொள்ள இடமிருந்தால் போதும்.

ஐந்து கேள்விகள்

நாம் மஞ்சளையோ மிளகாயையோ அடுத்தவர் கிடங்கில் இருப்பு வைக்கிறோம். அப்போது கிடங்கின் வெள்ளையடிப்பையா பார்க்கிறோம்? ரசீது யார் பெயரில், இன்ஷூரன்ஸ் உண்டா, வேண்டும்போது சரக்கை வெளியே எடுக்க என்ன நிபந்தனை என்றுதானே கேட்கிறோம்? கணக்குக்கும் அதே விசாரணைதான்.

முதல் கேள்வி: ரசீது யார் பெயரில்?

சேவைக் கணக்கு நம் கடையின் பெயரில், நம் மின்னஞ்சலில், நம் கைப்பேசி எண்ணில் தொடங்கப்பட வேண்டும். வலைத்தளம் செய்பவருக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். தலைச்சாவி நம்மிடம் இருக்க வேண்டும். நம் வட்டாரத்து வணிகர் ஒருவருக்கு வலைத்தளம் செய்து கொடுத்த இளைஞர், எல்லாவற்றையும் தம் சொந்த மின்னஞ்சலில் தொடங்கிவிட்டு, வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. சந்தா முடிந்தது அவருக்கும் நினைவில்லை, வணிகருக்கும் தெரியாது. தளம் நின்றது. பாக்கிக் கணக்கைத் திரும்ப எடுக்கும்வரை பில் கட்டுகளைப் புரட்டித்தான் வசூல் செய்ய வேண்டியிருந்தது. கடையின் பெயருக்கு உரிய இணைய முகவரிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இரண்டாவது கேள்வி: வேறு கிடங்குக்கு மாற்ற முடியுமா?

1990-களில் நம் கடைகளுக்கு வந்த பில் போடும் திட்டங்களில் பல, ஃபாக்ஸ்புரோவில் எழுதப்பட்டவை. அதை உருவாக்கிய ஃபாக்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 1992-இல் வாங்கியது. இனிப் புதிய பதிப்பு வராது என்று 2007-இல் அறிவித்தது. 2015 ஜனவரியில் ஆதரவையும் நிறுத்தியது. ஆனாலும் ஃபாக்ஸ்புரோவின் கோப்புகளை வேறு பல திட்டங்கள் திறந்து படிக்க முடிந்ததால், பழைய கணக்கைப் புதிய திட்டத்துக்கு மாற்ற வழி இருந்தது. திட்டம் போனாலும் கணக்கு பிழைத்தது.

இதில் உள்ள பாடம், எல்லோருக்கும் பொதுவான முறையில் கணக்கு இருக்க வேண்டும் என்பது. போஸ்ட்கிரெஸ், மை எஸ்.க்யூ.எல். ஆகிய இரண்டும் இதற்கு ஏற்றவை. போஸ்ட்கிரெஸ், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வந்தது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். பங்குச் சந்தைத் தரகு நிறுவனமான ஜெரோதா தன் பெரும் கணக்குகளுக்கு இதைத்தான் நம்பியிருக்கிறது. மை எஸ்.க்யூ.எல். 1995-இல் ஸ்வீடனில் பிறந்தது. 2008-இல் சன் நிறுவனம் அதை வாங்கியது. 2010-இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. இந்தக் கைமாற்றத்தை விரும்பாத அதன் மூலகர்த்தாவே 2009-இல் மரியா டி.பி. என்ற பெயரில் கிளை ஒன்றைத் தொடங்கினார். மூலம் எல்லோருக்கும் திறந்திருந்ததால்தான் அது முடிந்தது. இந்த முறைகளில் கணக்கு இருந்தால், ஒரு நிறுவனத்திடம் மனத்தாங்கல் வந்தால் இன்னொரு நிறுவனத்துக்கு எடுத்துப் போகலாம். ஒரே நிறுவனத்திடம் மட்டும் கிடைக்கும் தனி முறையில் வைத்துவிட்டால், மாறும்போது வலைத்தளத்தின் பெரும் பகுதியைத் திரும்ப எழுத நேரும்.

ஆயத்தத் திட்டம் எடுப்பவர்கள், வாடிக்கையாளர், சரக்கு, பில், பாக்கி ஆகிய நான்கையும் எக்செல் போன்ற பட்டியலாக முழுவதும் இறக்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டு, சோதனைக் காலத்திலேயே இறக்கிப் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது கேள்வி: நகல் எங்கே?

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்து மாடி சர்வர் கட்டடம் ஒன்று எரிந்து போனது. நகல் வேறு ஊரில் வைத்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்; அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் சிலர் இரண்டையும் இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்க சர்வர் நிலையத்தில் தீப்பிடித்து, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த சேமிப்பகம் நகல் இல்லாமல் அழிந்தது. அரசாங்கத்துக்கே இந்தக் கதி நேரும்போது நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டாமா?

நகல் இருக்கிறது என்ற வாய்ச்சொல்லும் போதாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில், இரவு நேரத்தில் ஊழியர் ஒருவர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸையே அழித்துவிட்டார். நகல் எடுக்க அவர்களிடம் ஐந்து வழிமுறைகள் இருந்தன. ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்திருக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக ஒருவர் எடுத்து வைத்திருந்த பிரதியால் தப்பினார்கள். அந்த ஆறு மணி நேரக் கணக்கு போனது போனதுதான். இதை அந்த நிறுவனமே ஒளிக்காமல் உலகுக்குச் சொன்னது.

ஆகவே தினமும் தானாக நகல் எடுக்கும் ஏற்பாடு வேண்டும்; ஒரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும்; வாரம் ஒரு பிரதி நம் கைக்கு வர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அந்தப் பிரதியிலிருந்து கணக்கைத் திறந்து, ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் பாக்கியைச் சரிபார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகல், எடை போடாத மூட்டைக்குச் சமம்.

நான்காவது கேள்வி: கிடங்குக்காரர் கதவைச் சாத்தினால்?

கைப்பேசிச் செயலிகளுக்கு டேட்டாபேஸ் வசதி தந்து வந்த பார்ஸ் என்ற நிறுவனத்தை ஃபேஸ்புக் 2013-இல் வாங்கியது. 2016 ஜனவரியில், ஓராண்டில் மூடப்போவதாக அறிவித்து, 2017 ஜனவரியில் மூடியது. ஓராண்டு அவகாசமும், கணக்கை எடுத்துச் செல்லும் கருவியும் கொடுத்தது. அதனால் பலர் தப்பினார்கள். எல்லோரும் அப்படிக் கொடுப்பார்கள் என்று எப்படி நம்புவது?

நம் நாட்டிலேயே நடந்ததைப் பாருங்கள். குஜராத்தில் வாடினார் சுத்திகரிப்பு ஆலையும் நாடெங்கும் பெட்ரோல் பங்க்குகளும் நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தில் ரஷ்ய நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் நயாரா மீது தடை விதித்ததும், மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. மின்னஞ்சலும் சொந்தக் கோப்புகளும் கைக்கு எட்டாமல் போயின. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. சில நாட்களில் சேவை திரும்பியது. சந்தா கட்டியிருந்தும் கதவு சாத்தப்பட்டது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. உயர் நீதிமன்றம் போகும் வசதி நம்மைப் போன்ற கடைக்காரருக்கு ஏது? கையில் பிரதி இருப்பதே நமக்குள்ள பாதுகாப்பு.

ஐந்தாவது கேள்வி: வாடகை எப்படிக் கூடும்?

பெரிய நிறுவனங்களில் பெரும்பாலும் கணக்கை உள்ளே வைக்கக் கட்டணம் இல்லை. வெளியே எடுக்கும்போது அளவுக்கேற்பக் கட்டணம் உண்டு. முழுவதுமாக விலகிப் போகிறவர்களுக்கு அந்தக் கட்டணத்தை கூகுள் 2024 ஜனவரியிலும், அமேசானும் மைக்ரோசாஃப்டும் அதே ஆண்டு மார்ச்சிலும் தள்ளுபடி செய்தன. அதற்கும் நிபந்தனைகள் உண்டு, கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டு இலவசம் என்றால், இரண்டாம் ஆண்டு வாடகையை எழுத்தில் வாங்க வேண்டும். உபயோகத்துக்கேற்பத் தானாகக் கூடும் திட்டமானால், மாதம் இவ்வளவு ரூபாயைத் தாண்டினால் எச்சரிக்கை வரும்படி வரம்பு வைக்கச் சொல்ல வேண்டும்.

பில் ரூபாயிலா டாலரிலா என்பதும் முக்கியம். இந்தியாவில் பதிவு பெற்ற நிறுவனம் என்றால் நம் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து உள்ளீட்டு வரி எடுக்கலாம். வெளிநாட்டு நிறுவனம் நேரடியாக டாலரில் பில் போட்டால், பதிவு பெற்ற வணிகரான நாமே தலைகீழ் முறையில் வரி கட்ட வேண்டி வரும். ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, கணக்குகளை அந்த ஆண்டுக்கான ஆண்டு விவர அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2024-25 ஆண்டுக் கணக்குக்குக் கடைசித் தேதி 2025 டிசம்பர் 31 என்பதால், 2031 டிசம்பர் முடிய அது பத்திரமாக இருந்தாக வேண்டும். மேல்முறையீடு, விசாரணை இருந்தால் இன்னும் கூடுதல் காலம். மின்னணுக் கணக்கு அழிந்து போனால் நியாயமான காலத்துக்குள் மீட்கத் தக்க நகல் வைத்திருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதி 57 சொல்கிறது. அதிகாரி கேட்கும்போது காகிதத்திலோ படிக்கத்தக்க மின்னணு வடிவிலோ கொடுக்க வேண்டியதும் நம் கடமை. 'சர்வர் நின்றுவிட்டது' என்று நாம் சொல்லித் தப்ப முடியாது.

வாடிக்கையாளரின் பெயர், கைப்பேசி எண், முகவரி ஆகியவற்றைச் சேர்த்து வைப்பதால், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நம்மைத் தொடுகிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. வேறொரு நிறுவனத்தின் சர்வரில் இருந்தாலும், விவரங்களைத் திரட்டிய வணிகரே பொறுப்பாளி என்பது இச்சட்டத்தின் சாரம். 2017 ஜனவரியில் உலகெங்கும் கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோ டி.பி. டேட்டாபேஸ்களைத் திருடர்கள் அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். பூட்டுப் போடாமல் விட்டதுதான் அங்கே நடந்தது. ஆகவே இணையத்தில் எவரும் நேரடியாக நுழையாதபடி டேட்டாபேஸ் அடைக்கப்பட்டிருக்கிறதா என்று வேலை செய்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

சர்வர் இந்தியாவில் இருந்தால் வேகமும் கிடைக்கும், சட்டச் சிக்கலும் குறையும். மைக்ரோசாஃப்டுக்கு சென்னையில் 2015 முதலும், அமேசானுக்கு மும்பையில் 2016 முதலும், ஹைதராபாதில் 2022 முதலும், கூகுளுக்கு மும்பையில் 2017 முதலும், டெல்லியில் 2021 முதலும் சர்வர் நிலையங்கள் உள்ளன. தொடங்கும்போதே இந்திய நிலையத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேறு நாட்டில் போய் உட்கார்ந்துவிடலாம்.

முடிவாக

எந்த நிறுவனம் நல்லது என்று ஒரே பெயரைச் சொல்லும்படி சிலர் கேட்பார்கள். பெயர் மாறும், விலை மாறும், உரிமையாளரும் மாறுவார். வேலை ஒப்பந்தத்தில் இந்த ஐந்து வரிகள் இருக்கட்டும்: கணக்கு எம் கடையின் பெயரில் இருக்கும், பொதுவான பட்டியல் முறையில் இருக்கும், இந்தியாவில் இருக்கும், தினசரி நகலும் வாராந்திரப் பிரதியும் எமக்கு வரும், எப்போது கேட்டாலும் முழுக் கணக்கையும் எடுத்துத் தரப்படும். இந்த ஐந்துக்கும் கையெழுத்துப் போடுகிறவரிடம் வேலையைக் கொடுங்கள். தயங்குகிறவர் நூறு ரூபாய் குறைத்துச் சொன்னாலும் வேண்டாம்.

அந்தக் காலத்தில் கடை பூட்டியதும் கணக்குப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகும் வழக்கம் நம் பெரியவர்களுக்கு இருந்தது. இன்று கணக்கு கம்பியில் போனாலும் அந்த வழக்கத்தை விட வேண்டியதில்லை. வாரம் ஒரு நாள், சனிக்கிழமை இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள், பிரதியை இறக்கி வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டும் பழக்கத்தை இந்த மாதமே தொடங்குமாறு வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.